டின் ஓப்பனர் வாங்கும் முன்: கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பாத்திரக்கடை வைத்து எனக்கு 19 வருடம் ஆகிறது. குத்துப்போணி, இட்லிக் கொப்பரை, புட்டுக்குழல் கேட்டு வருகிறவர்கள் தினமும் உண்டு. டின் ஓப்பனர் அப்படியல்ல. ஓணத்துக்கு முந்தின வாரமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும் வந்துவிட்டால் ஒரே நாளில் பத்துப் பேர் கேட்பார்கள். கல்ஃபிலிருந்து லீவில் வந்தவர்களின் பெட்டி பிரிக்கப்படுகிற நாட்கள் அவை. பைனாப்பிள் டின், சூரை மீன் டின், தேங்காய்ப்பால் டின், பாயசத்துக்கு மில்க்மெய்டு என்று வீட்டில் வரிசையாக நிற்கும். திறக்கத்தான் ஒன்றும் இருக்காது. வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கூட்டத்தில் நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டுல வெட்டுகத்தி இருக்கு, பிச்சாத்தி இருக்கு. இதுக்குன்னு தனியா ஒண்ணு எதுக்கு அண்ணாச்சி?

என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். நான் கடை தொடங்குவதற்கு முந்தைய ஒரு கிறிஸ்துமஸ் சமயம். சித்தப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த பைனாப்பிள் டின்னைத் தரையில் வைத்து, வெட்டுகத்தியின் மூக்கை மூடியில் ஊன்றி, அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டினாள். முதல் தட்டில் ஓட்டை விழுந்தது. இரண்டாவது தட்டில் டின் உருண்டது. டின்னைப் பிடித்திருந்த இடது கை, அப்போதுதான் கிழிந்த தகட்டின்மேல் போய் விழுந்தது. உள்ளங்கையில் நான்கு தையல். பண்டிகைக்கு அவள் மாவு பிசையவில்லை, முறுக்குப் பிழியவில்லை. அவளுக்கு அந்தக் கையில் இன்றைக்கும் சுண்டுவிரல் முழுதாக மடங்காது.

தேங்காய் உடைக்க வெட்டுகத்தியை மிஞ்சிய கருவி கிடையாது. ஆனால் தேங்காய் உடைகிற பொருள். டின் தகடு கிழிகிற பொருள். கிழிந்த தகட்டின் ஓரம் சவரபிளேடு மாதிரி. கத்தி மூக்கு அதில் மாட்டிக்கொண்டால் நேராக இழுத்து எடுக்கவும் வராது. ஆட்டித்தான் எடுக்க வேண்டும், கை வெட்டுப்படுவது அப்போதுதான். ஒரு வருடத்தில் நாலு டின்தான் திறப்பீர்கள் என்றாலும் அந்த நாலுக்காக ஓப்பனர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எத்தனை வகை இருக்கு?

கையால் திறப்பதில் மூன்று வகை.

ஒன்று, குத்தித் திறப்பது. சிறு கொக்கி மாதிரி கூர்முனை, பக்கத்தில் விளிம்பில் தாங்கிக்கொள்ள ஒரு பல். மூடியில் குத்தி, நெம்பி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி நெம்ப வேண்டும். சோடா மூடி கழற்றுகிற வளையத்தோடு சேர்ந்தே பெரும்பாலும் வரும். மலிவு, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. வெட்டின ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும் என்பதுதான் குறை.

இரண்டு, சக்கரம் வைத்தது. குறடு போல இரண்டு கைப்பிடி, பக்கவாட்டில் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி ஒரு திருகு. கைப்பிடியை இறுக்கினால் வெட்டும் சக்கரம் மூடியைத் துளைக்கும். திருகைச் சுற்றினால் டின் தானாகச் சுழன்றுகொண்டே வெட்டுப்படும். பெரும்பாலான வீடுகளுக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

மூன்று, பக்கவாட்டில் வெட்டுவது. பார்க்க இரண்டாவது வகை போலவே இருக்கும். ஆனால் டின்னின் தலைமேல் படுக்கையாக வைத்து, மேலே இருக்கும் திருகைச் சுற்ற வேண்டும். மூடியைக் குத்தாமல், விளிம்பின் வெளிப்பக்க மடிப்பை வெட்டும். மூடி ஒரு தட்டு மாதிரி விளிம்போடு கழன்று வரும்.

கடையில எதைப் பாத்து வாங்கணும்? எல்லாம் ஒண்ணு போலதான் பளபளன்னு இருக்கு.

பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கைப்பிடியின் ரப்பரையும் நிறத்தையும் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு சக்கரங்கள்.

கூரான ஓரம் உள்ளது வெட்டும் சக்கரம். பல் பல்லாக இருப்பது பிடிக்கும் சக்கரம், திருகோடு இணைந்தது. வெட்டுவது முதல் சக்கரம் என்பதால் எல்லோரும் அதன் கூர்மையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழு ஓப்பனர் பழுதாவது பல் சக்கரத்தால்தான். பல் ஆழமில்லாமல் தகட்டில் வெறுமனே அச்சுக் குத்தியது போல இருந்தால் ஐந்தாறு டின்னிலேயே மழுங்கிவிடும். பிறகு திருகு சுற்றும், டின் சுற்றாது. பல்லின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லிலும் நகம் தட்டி நிற்க வேண்டும்.

அடுத்தது இடைவெளி. கைப்பிடியை முழுக்க மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் சக்கரம் பல் சக்கரத்தை ஒட்டி, ஒன்றையொன்று உரசாமல், சிறிது மேலேறி நிற்க வேண்டும். நடுவில் பத்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அந்த ஓப்பனர் விளிம்பைப் பிடிக்காது. அப்படியே மூடிய நிலையில் திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்தால் சக்கரம் மையத்தில் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, இரண்டு கைப்பிடியும் சேர்கிற ஆணி. கைப்பிடிகளை மேலும் கீழுமாக, அதாவது திறக்கிற திசைக்குக் குறுக்காக, ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். கடையில் துளி ஆடுவது வீட்டில் ஒரு மாதத்தில் நன்றாகவே ஆடும்.

திருகின் நீளத்தையும் கவனியுங்கள். சைக்கிள் பெடலின் தண்டு குட்டையாக இருந்தால் மிதிக்க எவ்வளவு பாடுபடுவோம்! அதே கணக்கு இதற்கும். திருகு இரண்டு மடங்கு நீளமானால் பாதி பலம் போதும். இரண்டு விரல் மட்டும் பிடிக்கிற குட்டித் திருகு பெட்டிக்குள் அழகாக இருக்கும். ஆறாவது சுற்றில் விரல் நோகும்.

இவ்வளவும் பார்த்தபிறகும் ஒன்று செய்யுங்கள். கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு டின்னைக் கையோடு கொண்டுபோங்கள். திறந்து பார்த்து வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். கோட்டாறு கம்போளமானாலும் மார்த்தாண்டம் சந்தைப் பக்கமானாலும், தன் சரக்கில் நம்பிக்கை உள்ள கடைக்காரர் மறுக்க மாட்டார். என் கடையில் இதற்காகவே மலிவான பட்டாணி டின் இரண்டு வைத்திருக்கிறேன்.

வெட்டுற சக்கரம் நல்ல இரும்பா இல்லையான்னு எப்படித் தெரியும்?

ஒரு சிறு காந்தம் போதும். பாத்திரம் செய்கிற சாதாரண எவர்சில்வர் துருவை நன்றாகத் தாங்கும், ஆனால் அதைச் சூடாக்கிக் கடினப்படுத்த முடியாது, கூர் நிற்காது. கத்திக்கும் வெட்டும் சக்கரத்துக்கும் வேறு இனத்து எஃகு வேண்டும். அந்த இனம் காந்தத்தில் ஒட்டும். சக்கரத்தில் காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது பாத்திர எவர்சில்வர், சீக்கிரம் மழுங்கும். ஒட்டினால் மட்டும் தரமானது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. சாதா இரும்பும் ஒட்டத்தானே செய்யும். எனவே காந்தத்தை ஆகாததைத் தள்ளுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுப்பதற்கு மேலே சொன்ன சோதனைகள்.

டின் முதல்ல வந்துதா, ஓப்பனர் முதல்ல வந்துதா?

பள்ளிப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. டின்தான் முதலில். 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவை டின்னில் அடைப்பதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த டின்கள் கனத்த இரும்பு. உளியும் சுத்தியலும் வைத்துத்தான் திறந்தார்கள். அதற்கென்று கருவி வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1855இல் இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ், 1858இல் அமெரிக்காவில் எஸ்ரா வார்னர். இரண்டும் குத்தி அறுக்கிற வகை. சுழலும் சக்கரத்தால் வெட்டுவதை 1870இல் வில்லியம் லைமன் கொண்டுவந்தார். அதில் வெட்டும் சக்கரம் மட்டும்தான். விளிம்பைப் பற்றிக்கொள்ள இரண்டாவதாகப் பல் சக்கரம் சேர்ந்தது 1925இல். வெட்டுவதற்குச் சக்கரம் கிடைத்தபிறகு, வழுக்காமல் பிடிப்பதற்கு இன்னும் 55 வருடம் வேண்டியிருந்தது. பல் சக்கரத்தை முதலில் பாருங்கள் என்று நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

நாங்க குளச்சல் கடலோரம். எதை வாங்கினாலும் ஆறு மாசத்துல துருப்பிடிச்சிருது.

முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம், கன்னியாகுமரி என்று எல்லாக் கடலோர வீட்டிலும் இதே பேச்சுதான். கடல்காற்றில் உப்பு இருக்கிறது. போதாததற்கு நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் மழை கொடுக்கும். ஜூன் முதல் டிசம்பர் வரை அடுக்களை ஈரம் காய்வதே இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்தால் குரோமியப் பூச்சு பூசின இரும்பு நிற்காது. பூச்சில் ஊசி முனை அளவு கீறல் போதும், துரு உள்ளே நுழைந்து பூச்சையே செதில் செதிலாகத் தூக்கிவிடும். அந்தச் செதில் நேராகச் சாப்பாட்டில் விழும்.

கடலோர வீட்டுக்கு உடம்பு முழுக்க எவர்சில்வர், சக்கரம் மட்டும் கடினப்படுத்திய எஃகு உள்ளதாகப் பாருங்கள். கூட ஐம்பது நூறு போனாலும் பரவாயில்லை. பிறகு பராமரிப்பு. கழுவினதும் துணியால் துடையுங்கள். அடுப்புப் பக்கத்தில் காயவிடுங்கள். சக்கர அச்சிலும் ஆணியிலும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, சுற்றி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சூரியகாந்தி எண்ணெய் நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகும். தேங்காயெண்ணெய் அப்படி ஆவது குறைவு. தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம், அது சாப்பாட்டுக்கான எண்ணெய் அல்ல. அங்கணத்துப் பக்கத்து ஈரமான டப்பாவில் கரண்டிகளோடு போடாமல், சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள்.

லேசான துரு ஏற்கனவே இருந்தால் புளிக்கரைசலில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பழைய பல்தேய்ப்பான் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். தேய்த்த கையோடு நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். புளியின் புளிப்பும் தகட்டில் தங்கக் கூடாது.

அம்மாவுக்குக் கைமூட்டுல வலி. அவங்களால சுத்த முடியுற மாதிரி ஏதாவது இருக்கா?

இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு நான் நேரம் ஒதுக்கித்தான் பதில் சொல்வேன். பிள்ளைகள் வெளிநாட்டில், அப்பா அம்மா மட்டும் வீட்டில் என்று இருக்கிற குடும்பங்கள் நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. டின் கொண்டுவந்தவன் லீவு முடிந்து போய்விடுவான். டின்னோடு இருக்கப்போவது அறுபது எழுபது வயதுக் கை.

மூன்று விஷயம் பாருங்கள். கைப்பிடி தடிமனாக, உள்ளங்கை நிறைய இருக்க வேண்டும். தகட்டு விளிம்பு உள்ளங்கையில் அழுந்துகிற மெல்லிய கைப்பிடி வலியை இரட்டிப்பாக்கும். திருகு நீளமாக, நான்கு விரலும் சேர்ந்து பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கைப்பிடியை ஒருமுறை இறுக்கினால் அப்படியே பூட்டிக்கொள்கிற வகையானால் ரொம்ப நல்லது. சாதாரண ஓப்பனரில் இடது கை கடைசிவரை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், மூட்டுவலிக்காரர்கள் பாதியில் விடுவது அதனால்தான். பூட்டு இருந்தால் இடது கைக்கு வேலை குறைவு.

டின்னுக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் டின் நகராது. மடியில் வைத்துத் திறக்க விடாதீர்கள். தரையில் உட்கார்ந்து பழகிய அம்மாக்கள் கால் இடுக்கில் வைத்துத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம். மேசையில் வைத்து நின்று சுற்றட்டும்.

எனக்கு இடக்கை.

கடையில் கிடைப்பவை எல்லாம் வலக்கைக்காகச் செய்தவை. இடக்கையர்களுக்கென்று திருகு மறுபக்கம் வைத்தவை வருகின்றன, ஆனால் நம் ஊர்க் கடைகளில் தேடிச் சலிப்பதைவிட ஆன்லைனில் வாங்குவது எளிது. இல்லாவிட்டால் திருகு மேலே இருக்கும் பக்கவாட்டு வகை ஓரளவு ஒத்துவரும்.

இப்பல்லாம் மோதிரம் வச்ச டின்தானே வருது? அப்புறம் ஓப்பனர் எதுக்கு?

மோதிரம் ஒடியும்வரை எதற்கும் வேண்டாம். ஒடிந்தபிறகுதான் தேடுவோம்.

முதலில், விரலால் மோதிரத்தைத் தூக்காதீர்கள். கரண்டிக் காம்பை அடியில் கொடுத்து நெம்புங்கள். முனை உள்ளே இறங்கினதும் மெதுவாக இழுங்கள். கடைசி ஓரத்தில் ‘படக்’கென்று விடும், அப்போதுதான் எண்ணெயும் தெறிக்கும், விரலும் வெட்டுப்படும். அந்த ஓரம் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள்.

மோதிரம் ஒடிந்துவிட்டதா? சக்கர ஓப்பனரை மேல் விளிம்பில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் வெட்டும். வெட்டாவிட்டால் டின்னைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடியிலும் மடிப்பு விளிம்பு இருந்தால் அந்தப் பக்கம் திறந்துகொள்ளலாம். சில டின்களில், குறிப்பாகத் தட்டையான மீன் டின்களில், அடியும் உடம்பும் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தவை. அடி உருண்டையாக, விளிம்பில்லாமல் இருக்கும். சக்கரத்துக்கு அதில் பிடிமானமே கிடையாது. அப்போது குத்தித் திறக்கிற சின்ன ஓப்பனரால் மூடியில் ஏற்கனவே கீறி வைத்திருக்கிற கோட்டின்மேலேயே குத்திக் குத்திப் போங்கள். இதற்காகத்தான் சக்கர ஓப்பனர் வாங்குகிறவர்களிடமும் அந்த மலிவான ஒன்றைச் சேர்த்து வாங்கச் சொல்கிறேன். வியாபாரத்துக்காக அல்ல, அதில் எனக்கு மிஞ்சுவது டீக்காசு.

சாளை டின் நீளவட்டமா, ஓரம் வளைஞ்சு வருது. சக்கரம் அதுல ஓடுமா?

பெரிய வளைவில் ஓடும், இறுக்கமான மூலையில் நிற்கும். நேரான பக்கத்தில் தொடங்குங்கள். மூலை வந்ததும் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக நகர்த்துங்கள். பக்கவாட்டு வகை மூலைகளில் தோற்கும். குத்தித் திறப்பதுதான் எந்த வடிவத்துக்கும் போகும். மூடி முக்கால்வாசி திறந்தாலே போதும், மடக்கிவிட்டு மீனை எடுத்துவிடலாம். மரச்சீனி வேகிற நேரத்துக்குள் சாளையை நல்லமிளகு போட்டுப் புரட்டி எடுத்தும் விடலாம். சூரை பிடிக்கக் கடலுக்குப் போகிற தூத்தூர்க்காரர்கள் வீட்டிலும் கல்ஃப் சூரை டின்னைப் பார்த்திருக்கிறேன். மகன் வாங்கி வந்தது என்றால் அதற்கு ஒரு தனி ருசி.

பாதி சுத்தினதும் ஒரு இடத்துல மட்டும் வழுக்குது. ஓப்பனர் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. டின்னின் உடம்பை உற்றுப் பாருங்கள், மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரியும். தகட்டை வளைத்து ஒட்டின இடம் அது. சாதாரணமாகவே விளிம்பு ஒற்றைத் தகடு அல்ல. மூடித் தகடு மூன்று மடிப்பு, உடம்புத் தகடு இரண்டு மடிப்பு, மொத்தம் ஐந்து அடுக்கு ஒன்றுக்குள் ஒன்று கோத்து நசுக்கப்பட்டிருக்கும். ஒட்டின இடத்தில் அது இன்னும் தடிக்கும். சக்கரம் அங்கே ஏறி இறங்குகிறது. அந்தக் கோட்டின் மேலேயே தொடங்காமல், அதைத் தாண்டி ஒரு விரல் தள்ளித் தொடங்குங்கள். ஒட்டின இடம் கடைசியில்தான் வரும். அதற்குள் மூடி ஏறக்குறைய கழன்றிருக்கும்.

எல்லா இடத்திலும் வழுக்கினால் பல்லிடுக்கைப் பாருங்கள். காய்ந்த பாலும் தகட்டுத் தூளும் அடைத்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் தோண்டி எடுங்கள். அதற்குப் பிறகும் வழுக்கினால் பல் மழுங்கிவிட்டது. அதைத் தீட்ட வழியில்லை, ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

பக்கவாட்டு வகை விலை கூட. வாங்கலாமா?

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, மாதம் நாலைந்து டின் திறக்கிற வீடு என்றால் வாங்கலாம். மூடி உள்ளே விழாது. மூடியின் மேல் இருக்கிற கிட்டங்கித் தூசி சாப்பாட்டில் படாது. ஓரம் கையை அறுக்காது. காலி டின்னில் உப்போ புளியோ போட்டுவைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கும் இது நல்லது. ஆனால் நசுங்கிய விளிம்பில் இது திணறும், சக்கரங்கள் உள்ளே மறைந்திருப்பதால் கழுவுவதும் கடினம். முதல் தடவை திறக்கும்போது வெட்டினது தெரியவே தெரியாது. வெட்டவில்லை என்று நினைத்து இரண்டு மூன்று சுற்றுக் கூடுதலாகச் சுற்றுகிறார்கள். அப்படிச் சுற்றினால் மெல்லிய தகட்டு நூல் உரியும். ஒரு சுற்று முடிந்து திருகு திடீரென்று இலகுவானதும் நிறுத்திவிடுங்கள்.

எண்ணெய் டின், தேங்காய்ப்பால் டின் மாதிரி ஊத்துறதுக்கு?

முழுசாகத் திறக்க வேண்டாம். குத்தும் ஓப்பனரால் எதிரெதிர் ஓரத்தில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்றில் எண்ணெய் வரும், மற்றதில் காற்று போகும். ஒரே ஓட்டை போட்டால் குடுகுடு என்று துப்பும். 15 கிலோ எண்ணெய் டின்னுக்கும் இதே வழிதான்.

பால்பவுடர் டின்னுக்கு ஓப்பனர் தேவையில்லை. நெம்பு மூடியைக் கரண்டிக் காம்பால் சுற்றிச் சுற்றிக் கிளப்புங்கள்.

மில்க்மெய்டு டின்னை அப்படியே குக்கர்ல வேகவச்சுத் திறக்கலாமா?

டின் சூடாக இருக்கும்போது ஓப்பனரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும். முதல் குத்திலேயே கொதிக்கிற பால் முகத்தில் பீய்ச்சும். அந்தப் பழுப்பு நிறம் வேண்டுமென்றால் பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி வேகவையுங்கள்.

டின் லேசா உப்பியிருக்கு. திறந்து மோந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமா?

வேண்டாம். உப்பிய டின், கசிகிற டின், விளிம்பு மடிப்பிலேயே ஆழமாக நசுங்கிய டின், குத்தினதும் சீறிக்கொண்டு நுரை வருகிற டின் எதையும் முகர்ந்தோ நாக்கில் வைத்தோ சோதிக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி டின்னுக்குள் நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சுக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக் கூடியது. அபூர்வமாகத்தான் வரும். ஆனால் ஒரு டின் மீனுக்காக அந்த அபூர்வத்தைச் சோதிக்க வேண்டுமா? உறையில் கட்டி, கோழியும் நாயும் கிண்டாத இடத்தில் போடுங்கள். அவற்றுக்கும் போடக் கூடாது. உடம்பின் நடுவில் லேசாக, மழமழவென்று அமுங்கிய டின்னுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மிச்சத்தை டின்னோட ஃபிரிட்ஜில வச்சா?

கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ மாற்றி மூடிவைத்து மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். பைனாப்பிள், தக்காளி போன்ற புளிப்புப் பண்டங்கள் டின் திறந்து காற்றுப் பட்டதும் உள்பூச்சிலிருக்கும் வெள்ளீயத்தைக் கரைக்கும். இரும்பு ருசி அடிப்பது அதனால்தான்.

ஒவ்வொரு தடவையும் கழுவணுமா?

ஆமாம். அதைக் கத்தி மாதிரி நினையுங்கள். நேற்றைய மீன் எண்ணெய் சக்கரத்தில் காய்ந்திருக்க, இன்றைக்குப் பாயசத்துக்குப் பால் டின் திறந்தால் எப்படி? சக்கரம் சாப்பாட்டுக்குள் முங்கி எழுகிற பொருள். சோப்பு, வெந்நீர், பிரஷ். திறப்பதற்கு முன் டின்னின் தலையையும் கழுவித் துடையுங்கள்.

கை வெட்டிப்போச்சுன்னா உடனே என்ன செய்ய?

காப்பித்தூள் வைக்காதீர்கள், சுண்ணாம்பும் மஞ்சளும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. விரல் மடங்கவில்லை, நுனி மரத்திருக்கிறது, வெட்டு வாய் பிளந்து நிற்கிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். என் அம்மா மறுநாள்தான் போனாள்.

அம்மாவுக்கு ஒண்ணு வாங்கி வச்சிட்டு அடுத்த வாரம் நான் தோஹா போயிருவேன். போதும்ல்லா?

அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வர முடியாது என்றால், ஓப்பனரைக் கொண்டுபோன அன்றைக்கே ஒரு டின்னை அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்துகாட்டி முடித்துவிடாதீர்கள். எந்தச் சுற்றில் அவர்கள் கை நிற்கிறது, எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டாவது டின் மறுநாள், நீங்கள் அடுத்த அறையில் இருக்கும்போது திறக்கட்டும். வெட்டுகத்தியை எடுக்கப் போனார்களானால் அந்த ஓப்பனர் அவர்கள் கைக்குச் சரியில்லை. கழுவித் துடைத்து என்னிடமே கொண்டுவாருங்கள், வேறு மாற்றித் தருகிறேன். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுவோம்.